ஒரு விரல் தண்ணீர்

எஸ்தோனியாவில், சோமா சதுப்பில்,
மார்ச் கடைசியில் ஆறுகளுக்குக் கரை மறந்துபோகும்.
ஐந்தாம் பருவம் என்போம்.
பள்ளிக்கூட அட்டவணையில் அதற்கு விடுமுறை இல்லை.

ஒன்பது பேர், நாலு படகு.
ஒற்றைப்படையாய் மிஞ்சியவன் ஸீம்.
பன்னிரண்டு வயது. சாரணர் கழுத்துத்துணியை
இன்னும் ஷூ லேஸ் போலத்தான் முடிச்சுப் போடுவான்.
இந்த்ரெக்கின் படகில் மூட்டைகளுக்கு நடுவே
இன்னொரு மூட்டையாய் உட்கார்ந்து வந்தான்.

சாலையின் மேல் துடுப்புப் போட்டோம்.
ஐம்பதைத் தாண்டாதே என்ற பலகை
கழுத்தளவு நீரில் நின்று எச்சரித்தது.
“மெதுவாப் போ, அபராதம் போட்டுருவாங்க” என்றான் ரூபென்.
அடியில் எங்கோ ஒரு வைக்கோல்வெளி.
மூழ்கிய வேலி படகின் வயிற்றை நகத்தால் கீறியது.
பிர்ச் மரங்களின் நிழல் விழுந்த இடமெல்லாம்
பாலாடை போலப் பனிக்கட்டி.
ஹில்லே கையை உருவிக்கொண்டாள்;
உறைந்த கையுறை மட்டும் தனியே
துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மேடான ஒரு திட்டில் கூடாரம்.
கஞ்சி அடிப்பிடித்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

எனக்குக் காவல் மூன்றிலிருந்து நாலரை வரை.
நெருப்பு அணையக்கூடாது.
கரையில் நட்ட, கோடு கீறிய குச்சியைப் பார்த்து
நீர்மட்டத்தை நோட்டில் எழுத வேண்டும்,
பென்சிலால். பேனா மாலையிலேயே உறைந்துவிட்டது.

நாலு மணிக்குக் குச்சியருகே டார்ச் அடித்தேன்.
தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் ஜிப் திறக்கும் சத்தம்,
பல்லைக் கடித்துக்கொண்டு திறப்பது போல மெல்ல மெல்ல.
ஸீம்.
உறங்குபையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.
வெறுங்கால்.
கரையில் குந்தி, அதன் பாதியை
ஆற்றில் முக்கினான்,
குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் போல.
பிறகு தன் கால்சட்டையோடு
இடுப்புவரை இறங்கினான்.
அந்தக் குளிரில் மூச்சு ஒரு முறை விக்கி நின்றது,
எனக்கும் சேர்த்து.

திரும்பியவன் என்னைப் பார்த்தான்.

நான் குச்சியைப் பார்த்தேன்.
“தண்ணி ஏறியிருக்கு” என்றேன், குச்சியிடம்.
என் மாற்றுக் கம்பளிக் கால்சட்டையை
நெருப்பருகே கல்மேல் வைத்துவிட்டு
விறகு பொறுக்கப் போனேன்.
கைநிறைய விறகு ஏற்கெனவே இருந்தது.

விடிந்தது. ஸீமின் பை சொட்டிக்கொண்டிருந்தது.
அவன் படுத்த இடம் வாசல் ஓரம்;
பக்கத்தில் ரூபென்.
ரூபென் எழுந்து தன் மூலையைத் தடவினான். காய்ந்திருந்தது.
ஸீமின் காலில் தொளதொளத்த என் கால்சட்டையைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
பிறகு ஆற்றைத் திட்ட ஆரம்பித்தான்,
கொஞ்சம் அதிகமாகவே.

நான் நினைக்காதது இதுதான்:
இந்த்ரெக் நோட்டை நம்பினான்.
“ஏறுதா? எல்லாரும் கூடாரத்தைப் பிடுங்குங்க!”
ரொட்டி வயிற்றுக்குப் போகும் முன்பே
முளைகளைப் பனியிலிருந்து நெம்பி,
விறைத்த கயிறுகளைப் பல்லால் அவிழ்த்து,
இருபது அடி மேலே, வேர்களின் மேல், மறுபடி அடித்தோம்.
ஒரு மணி நேரம். ஹில்லேயின் கட்டைவிரல் நசுங்கியது.
எல்லாரையும்விட வேகமாய் முளை பிடுங்கியவன் ஸீம்.
வாய் திறக்கவில்லை.
நானும்தான்.

பை நாளெல்லாம் நெருப்பருகே தொங்கி
சூனிப்பர்ப் புகையின் வாசம் ஏறிக்கொண்டது.

திரும்பும்போது அவன் என் படகில் ஏறினான்,
கேட்காமலே, முன்னால்.
துடுப்பின் விளிம்பால் பாலாடையைக் குத்திக் குத்தி
வழி உண்டாக்கிக்கொண்டு போனான்.

ஐம்பது என்ற பலகை வந்தது. இப்போது இடுப்புவரைதான் நீர்.
“நேத்து இந்த போல்ட்டே தெரியலையே?” என்றாள் ஹில்லே, அடுத்த படகிலிருந்து.
ரூபென் பாட ஆரம்பித்தான், சுருதி இல்லாமல்.
இந்த்ரெக் பலகையைப் பார்த்தான், நோட்டிருக்கும் என் பையைப் பார்த்தான்,
துடுப்பை மாற்றிப் பிடித்தான்.

அந்த வரி இன்னும் நோட்டில் இருக்கிறது:
நாலு மணி. ஒரு விரல் ஏற்றம்.
பென்சில்தான்.
ரப்பர் கொண்டுபோக மறந்துவிட்டேன்.